இணையும் விண்மீன் மண்டலங்களில் வாயு: நிறமாலை தரும் சான்றுகள்

அகச்சிவப்புக் கதிரில் மட்டும் பேரொளி வீசும் விண்மீன் மண்டலங்கள் பெருந்தொகையாக இருக்கின்றன என்பது 1983ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் அந்த ஆண்டு ஜனவரியில் விண்ணுக்குச் சென்றது. அதன் ஆடியின் விட்டம் 57 சென்டிமீட்டர்தான். திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட அந்தச் சிறிய தொலைநோக்கி, 10 மாதங்களில் வானத்தின் 96 சதவீதத்தை 12, 25, 60, 100 மைக்ரான் அலைநீளங்களில் அலசி முடித்தது. கட்புல ஒளியில் மங்கலாக, சிதைந்த உருவத்தோடு தெரிந்த பல மண்டலங்கள் அந்த வரைபடத்தில் முன்வரிசைக்கு வந்தன. 8 முதல் 1000 மைக்ரான் வரையிலான ஒளியைக் கூட்டினால் 10,000 கோடி சூரியன்களுக்கு ஈடான ஒளிர்வைத் தாண்டுபவை ‘ஒளிர் அகச்சிவப்பு மண்டலங்கள்’ எனவும், ஒரு லட்சம் கோடி சூரியன்களைத் தாண்டுபவை ‘மீஒளிர் அகச்சிவப்பு மண்டலங்கள்’ எனவும் பின்னர் வகைப்படுத்தப்பட்டன.

மீஒளிர் வகையை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாமே இரண்டு மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் நிலையில் இருந்தன. நீண்ட வால்கள், இரட்டைக் கருக்கள், கலைந்த சுருள்கரங்கள் ஆகியவை அதற்கு அடையாளம். இந்த வால்கள் உருவாக ஈர்ப்பு விசையின் இழுவை ஒன்றே போதும் என்பதை அலார் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் 1972இலேயே கணினிக் கணக்கீடுகளால் காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கணக்கீட்டில் வாயு கிடையாது. மோதலில் விண்மீன்கள் ஒன்றையொன்று உரசாமல் கடந்துவிடும், ஏனெனில் அவற்றுக்கு இடையிலான தொலைவு அவ்வளவு பெரிது. வாயு அப்படிக் கடந்துபோக முடியாது. முகில்கள் மோதி ஆற்றலை இழக்கின்றன, சுழற்சி உந்தத்தை விண்மீன்களிடம் பறிகொடுக்கின்றன, கருவை நோக்கிச் சரிகின்றன. ஜோஷுவா பார்ன்ஸும் லார்ஸ் ஹெர்ன்குவிஸ்டும் 1990களில் வெளியிட்ட கணக்கீடுகள் இந்தச் சரிவைத் தெளிவாகக் காட்டின. பல்லாயிரம் ஒளியாண்டு அகலத்தில் பரந்துகிடந்த வாயு, மையத்தில் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் வந்து குவிகிறது. அங்கே விண்மீன்கள் வெடிப்புப் போலப் பிறக்கின்றன. மையக் கருந்துளைக்கும் தீனி கிடைக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிரையும், கருந்துளையைச் சுற்றிய வட்டிலிருந்து வரும் கதிரையும் தூசு விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஆற்றலால் சில பத்துக் கெல்வின் வெப்பநிலைக்குச் சூடாகி, அதை அகச்சிவப்பாக உமிழ்கிறது. ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற தகவல் இந்தப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. எனவே அகச்சிவப்பு ஒளிர்வை அளந்தால் ஆற்றலின் மொத்தம் தெரியும், மூலம் தெரியாது. அந்தத் தகவலைத் தாங்கி நிற்பது வாயு. ஓர் அணுவோ மூலக்கூறோ உமிழும் வரியின் அலைநீளம், அந்த வாயுவின் வேதியியல் அடையாளத்தையும் நகரும் வேகத்தையும் தருகிறது. வரியின் அகலத்திலிருந்து உள்ளே நிகழும் கொந்தளிப்பும், வரிகளுக்கு இடையிலான விகிதத்திலிருந்து அடர்த்தி, வெப்பநிலை, உலோகச் செழுமை (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாமே உலோகம்தான்), அயனியாக்கும் கதிரின் கடுமை ஆகியவையும் கிடைக்கின்றன. இணையும் மண்டலங்களின் ஆய்வில் நிறமாலையியலுக்கு முதலிடம் கிடைத்தது இதனால்தான்.

எந்த விகிதத்தைப் படிப்பதற்கு முன்பும் தூசு எவ்வளவு மறைக்கிறது என்று கணக்கிட வேண்டும். அதற்கு ஹைட்ரஜனே அளவுகோல். அயனியான ஹைட்ரஜன் எலக்ட்ரானுடன் மீண்டும் இணையும்போது, 656.3 நானோமீட்டரில் ஆல்ஃபா வரியும் 486.1 நானோமீட்டரில் பீட்டா வரியும் பிறக்கின்றன. 10,000 கெல்வின் வெப்பநிலையில் இவற்றின் விகிதம் 2.86. குவாண்டம் இயற்பியல் விதிக்கும் எண் இது, வாயு எந்த மண்டலத்தில் இருந்தாலும் பெரிதாக மாறாது. தூசு நீல ஒளியைக் கூடுதலாக மறைப்பதால், வழியில் தூசு இருந்தால் விகிதம் ஏறுகிறது. அது 9ஐ எட்டினால் கட்புல ஒளியில் 20இல் ஒரு பங்குக்கும் குறைவாகவே நம்மை வந்தடைகிறது என்று பொருள். இந்த அளவீட்டுக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறந்தவர்கள் தவறான முடிவுகளுக்குப் போயிருக்கிறார்கள். ஆழத்தில் முற்றிலும் மறைந்திருக்கும் வாயு எந்த வரியையும் வெளியே அனுப்புவதில்லை. ஆகவே ஹைட்ரஜன் விகிதம் சொல்வது, கண்ணுக்கு எட்டும் மேலடுக்கின் தூசுக் கணக்கை மட்டுமே.

அடர்த்தியை அளக்கும் முறை இந்தத் துறையின் மிக நேர்த்தியான பகுதி, சற்று நின்று பார்க்கத் தக்கது. ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தக அயனி சிவப்பு நிறத்தில் இரண்டு வரிகளை உமிழ்கிறது. ஒன்று 671.6 நானோமீட்டரில், மற்றது 673.1 நானோமீட்டரில். இவை பிறக்கும் இரு ஆற்றல் நிலைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால், வெப்பநிலை மாறினாலும் அவற்றின் விகிதம் அசைவதில்லை. ஆனால் அந்த நிலைகளின் ஆயுள் வேறுவேறு. மோதலால் மேலே ஏறிய அயனி, ஒளியை உமிழ்ந்து கீழிறங்கச் சுமார் அரைமணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. பூமியின் ஆய்வுக்கூடத்தில் அத்தனை நேரம் எந்த அயனியும் மோதாமல் இருக்க முடியாது, அதனால் இவற்றுக்கு ‘விலக்கப்பட்ட வரிகள்’ என்று பெயர். விண்வெளியில் வாயு மெலிந்திருந்தால் ஏறிய ஒவ்வோர் அயனியும் ஒளி உமிழ்ந்தே இறங்கும், விகிதம் சுமார் 1.4ஆக இருக்கும். அடர்த்தி கூடக்கூட, நீண்ட ஆயுள் கொண்ட நிலையிலுள்ள அயனிகளை மற்றோர் எலக்ட்ரான் வந்து மோதி ஒளியின்றி இறக்கிவிடுகிறது. விகிதம் படிப்படியாகக் குறைந்து 0.44இல் நிற்கிறது. இடைப்பட்ட மதிப்புகள், கன சென்டிமீட்டருக்குச் சுமார் 100 முதல் 10,000 எலக்ட்ரான் வரையிலான அடர்த்தியைச் சொல்லிவிடுகின்றன. பல கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வாயுவின் அடர்த்தியை, ஒன்றரை நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு வரிகளின் உயரத்தை ஒப்பிட்டு அறிந்துவிடலாம். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் தூசுத் திருத்தம்கூடத் தேவையில்லை.

வெப்பநிலை அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. ஈரயனி ஆக்சிஜனின் 436.3 நானோமீட்டர் வரி அதற்கு நல்ல அளவுகோல். ஆனால் உலோகச் செழுமை மிக்க, தூசு நிறைந்த இந்த மண்டலங்களில் அது பெரும்பாலும் இரைச்சலில் மூழ்கிவிடும். மற்ற வலிமையான வரிகளையும் கோட்பாட்டு மாதிரிகளையும் நம்பித்தான் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள்.

வாயுவை அயனியாக்குவது விண்மீனா கருந்துளையா என்ற கேள்விக்கு 1981இல் ஒரு வரைபடம் விடை தந்தது. ஜாக் பால்ட்வின், மார்க் ஃபிலிப்ஸ், ராபர்ட்டோ தெர்லெவிச் மூவரும் முன்வைத்த அந்த வகைப்பாட்டை ஆய்வாளர்கள் இன்றும் அவர்களுடைய பெயரின் முதலெழுத்துகளால் பி.பி.டி. வரைபடம் என்றே அழைக்கிறார்கள். ஓர் அச்சில் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் வரிக்கும் ஹைட்ரஜன் பீட்டாவுக்கும் உள்ள விகிதம் இருக்கும். மற்றோர் அச்சில் நைட்ரஜனின் 658.3 நானோமீட்டர் வரிக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கும் உள்ள விகிதம் வரும். இளம் விண்மீன்கள் ஒளியூட்டும் முகில்கள் ஒரு குறுகிய வளைவில் ஒட்டி நிற்கின்றன. கருந்துளை வட்டின் கடும் கதிர் பட்ட வாயு, மேலே வலப்புறம் விலகிப் போகிறது. இரண்டுக்கும் நடுவே விழும் மண்டலங்களுக்கு ‘கலப்பு வகை’ என்று பெயரிட்டார்கள். விண்மீன் பிறப்பும் கருந்துளையும் சேர்ந்து ஒளியூட்டுகின்றன என்பது அந்தப் பெயருக்குப் பின்னிருந்த எண்ணம். அகச்சிவப்பில் ஒளிரும் இணைவுகளில் ஏராளமானவை இந்த நடுப்பகுதியில்தான் விழுந்தன. அவை ஒவ்வொன்றிலும் ஒரு கருந்துளை மறைந்திருப்பதாகக் கொள்வதே எளிய முடிவாகத் தோன்றியது.

அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது ஒரு கருவி மாற்றம். பழைய நிறமாலைமானி ஒரு குறுகிய பிளவின் வழியே ஒளியை வாங்கும். பிளவில் விழுந்த பகுதிகள் அனைத்தும் கலந்து ஒரே நிறமாலையாக வரும், பிளவுக்கு வெளியே இருப்பது பதிவாகவே செய்யாது. ஒருங்கிணைந்த புல நிறமாலைமானி இந்தக் குறையைத் தீர்த்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சைடிங் ஸ்பிரிங் மலையில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில் பொருத்தப்பட்ட ‘வைஃபெஸ்’ கருவி, பிம்பத்தை வாழைக்காய்ச் சீவல் போல 25 மெல்லிய கீற்றுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு கீற்றும் 1 வில்வினாடி அகலமும் 38 வில்வினாடி நீளமும் கொண்டது. ஒவ்வொரு கீற்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை கிடைக்கிறது. ஒரே நோக்கலில் 950 இடங்களின் நிறமாலை பதிவாகிவிடும்.

ஜெஃப்ரி ரிச், லிசா கூலி, மைக்கேல் டோபிட்டா ஆகியோர் இந்தக் கருவியால் ஐ.சி. 1623, என்.ஜி.சி. 3256 என்ற இரு இணைவுகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டும் இணைவின் பிந்திய கட்டத்தில் இருப்பவை. ஒவ்வொரு புள்ளியிலும் உமிழ்வு வரியின் வடிவத்தை அவர்கள் கூர்ந்து நோக்கினார்கள். பல இடங்களில் ஒற்றை மணிவடிவ வளைகோடு வரியோடு பொருந்தவில்லை. ஒரு குறுகிய கூறும் அதன் அடியில் ஓர் அகன்ற கூறும் சேர்ந்தால்தான் பொருந்தியது. ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியில் வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது 0.22 நானோமீட்டர் நகர்வுதான், ஆகவே இவ்வாறு பிரித்தறிய அலைநீளப் பிரிதிறன் உயர்ந்த கருவி வேண்டும். குறுகிய கூறின் வேகப் பரவல் வினாடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர், விண்மீன் பிறக்கும் முகில்களுக்கு இயல்பான அளவு. அகன்ற கூறின் பரவல் நூற்றுக்கும் மேல். இரு கூறுகளின் வரி விகிதங்களையும் தனித்தனியே வரைபடத்தில் இட்டபோது, குறுகியது விண்மீன் வளைவிலும் அகன்றது அதிர்ச்சி அலைகளுக்குக் கணக்கிட்ட இடத்திலும் போய் விழுந்தன.

அதிர்ச்சி அலை வாயுவை எப்படி ஒளிரச் செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாயு ஓட்டம் இன்னொன்றின் மேல் மோதினால், மோதும் முகப்பில் வெப்பநிலை ஒரு லட்சம் கெல்வினைத் தாண்டும். பிறகு அந்த வாயு குளிரும்போது, பாதி அயனியான ஒரு நீண்ட அடுக்கு உருவாகிறது. கந்தகத்தின் இரட்டை வரிகளும், நடுநிலை ஆக்சிஜனின் 630 நானோமீட்டர் வரியும், நைட்ரஜன் வரியும் அந்த அடுக்கில் ஹைட்ரஜனை ஒப்பிட வலுத்துத் தெரிகின்றன. விண்மீன் முகிலின் ஒளியோடு இது கலந்தால், மொத்த நிறமாலை ‘கலப்பு வகை’ இடத்தில் போய் நிற்கும். கருந்துளை எதுவும் இல்லாமலேயே கருந்துளையின் சாயல் வந்துவிடுகிறது. மேலும் பல ஒளிர் அகச்சிவப்பு மண்டலங்களுக்கு இந்த ஆய்வு விரிந்தபோது, தனித்திருக்கும் மண்டலங்களில் அதிர்ச்சியின் பங்கு சிறிதாகவும் இணைவு முற்ற முற்றப் பெரிதாகவும் இருப்பது தெரிந்தது. வரி விகிதத்தை வேகப் பரவலோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த நடைமுறை விதி. முந்தைய பல வகைப்பாடுகளை இந்த விதியின்படி மீண்டும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அதே தரவுகளிலிருந்து உலோகச் செழுமையின் பரவலும் கிடைத்தது. பால்வெளி போன்ற அமைதியான சுருள் மண்டலத்தில் மையத்தில் ஆக்சிஜன் மிகுந்தும் விளிம்பை நோக்கிக் குறைந்தும் இருக்கும். மோதலில், உலோகம் குறைந்த விளிம்பு வாயு மையத்துக்கு வந்து சேர்கிறது. அதனால் மையத்தின் செழுமை நீர்த்து, சரிவு தட்டையாகிறது. நெருங்கிய இணைகளில் கூலியின் குழு 2010இல் இதை அளந்து காட்டியது. இணைவு முன்னேறுவதற்கேற்ப சரிவு தட்டையாவது பின்னர் ஒளிர் அகச்சிவப்பு மண்டலங்களிலும் காணப்பட்டது. கணினி முன்னறிவித்த வாயுச் சரிவுக்கு வேதியியல் தந்த நேரடிச் சான்று இது.

தூசின் ஆழத்துக்குள் போக அலைநீளத்தைக் கூட்ட வேண்டும். அண்மை அகச்சிவப்பில் 2.12 மைக்ரானில் மூலக்கூறு ஹைட்ரஜன் உமிழும் வரி, சுமார் 2000 கெல்வினுக்குச் சூடேறிய வாயுவிலிருந்து வருகிறது. என்.ஜி.சி. 6240 என்ற இணைவில் இந்த வரி வியப்பூட்டும் வலிமையுடன் இருக்கிறது. 30 கோடி ஒளியாண்டுக்கும் மேலான தொலைவிலுள்ள அந்த அமைப்பில் இரண்டு கருக்கள் உண்டு. இரண்டிலும் தீனி உண்ணும் கருந்துளைகள் இருப்பதைச் சந்திரா எக்ஸ்கதிர் தொலைநோக்கி 2002இல் காட்டியது. எனினும் மூலக்கூறு ஹைட்ரஜனின் உச்ச ஒளி இரு கருக்களிலும் இல்லை, அவற்றுக்கு நடுவே இருக்கிறது. இதைச் சூடாக்கியது புறஊதாக் கதிரா மோதலா என்பதை 2.25 மைக்ரானில் உள்ள மற்றொரு ஹைட்ரஜன் வரி தீர்த்துவைக்கிறது. புறஊதாக் கதிர் காரணமானால் முதல் வரி இரண்டாவதைப் போல இரு மடங்கு அளவிலேயே இருக்கும். மோதல் காரணமானால் சுமார் பத்து மடங்கு வரை போகும். என்.ஜி.சி. 6240இல் தெரிவது மோதலின் முத்திரை. இரு மண்டலங்களின் வாயு நேருக்கு நேர் இடித்துக்கொள்ளும் இடத்தையே அந்த வரி காட்டுகிறது.

நடு அகச்சிவப்பில் நியான் நல்ல சாட்சி. ஓர் எலக்ட்ரானை இழந்த நியான் 12.8 மைக்ரானிலும், இரண்டை இழந்தது 15.6 மைக்ரானிலும், நான்கை இழந்தது 14.3 மைக்ரானிலும் ஒளிர்கிறது. அந்த நான்காவது எலக்ட்ரானைப் பிடுங்க 97 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சாதாரண இளம் விண்மீன்களால் அந்த அளவுக்குக் கடும் கதிரைத் தர இயலாது, எனவே 14.3 மைக்ரான் வரி கருந்துளைக்கு ஏறக்குறைய உறுதியான அடையாளம். ஐரோப்பிய ஐசோ விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு ரெய்ன்ஹார்ட் கென்ஸலின் குழு 1998இல் மீஒளிர் மண்டலங்களை ஆராய்ந்து, அவற்றில் 70 முதல் 80 சதவீதம் வரை முதன்மையாக விண்மீன் பிறப்பால் ஒளிர்வதாக முடிவு கூறியது. ஸ்பிட்சர் தொலைநோக்கி இதே அளவீட்டை இன்னும் நுட்பமாகச் செய்தது. 200க்கும் மேற்பட்ட அண்மை மண்டலங்களைப் பல தொலைநோக்கிகளால் ஆராயும் ‘கோல்ஸ்’ திட்டத்துக்கு அதுவே முதுகெலும்பாக இருந்தது. ஆனால் 9.7 மைக்ரானில் சிலிக்கேட் தூசு ஒரு பெரும்பள்ளம் தோண்டும் மண்டலங்களில் நடு அகச்சிவப்பும் முழுமையாக நம்பத் தக்கதல்ல.

விண்மீன்களுக்கு மூலப்பொருளான குளிர்ந்த வாயுவை அறிய மில்லிமீட்டர் அலைகள் வேண்டும். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது, அது ஒளி உமிழ்வதில்லை. அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டரில் உமிழும் வரியை அளந்து, ஒரு மாற்று எண்ணால் பெருக்கி ஹைட்ரஜனின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். பால்வெளியில் அளந்த மாற்று எண்ணை இணைவுகளுக்கும் அப்படியே போட்டபோது, சில மண்டலங்களில் வாயுவின் நிறை, சுழற்சியிலிருந்து கிடைக்கும் மொத்த நிறையையே எட்டியது, சிலவற்றில் தாண்டவும் செய்தது. டென்னிஸ் டௌன்ஸும் ஃபிலிப் சாலமனும் 1998இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். இணைவின் மையத்தில் வாயு தனித்தனி முகில்களாக இல்லாமல் தொடர்ச்சியான கொந்தளிக்கும் வட்டாக இருக்கிறது, ஆகவே ஒரே நிறைக்கு அது கூடுதலாக ஒளிர்கிறது. அவர்கள் தந்த திருத்திய எண் பால்வெளி எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. இது எல்லா இணைவுகளுக்கும் பொருந்துமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இந்தத் துறையின் பல பெரிய முடிவுகள் இந்த ஓர் எண்ணின்மேல் நிற்கின்றன என்பதை வாசகர் நினைவில் கொள்வது நல்லது.

ஹைட்ரஜன் சயனைடு இன்னும் அடர்ந்த வாயுவில் மட்டுமே ஒளிரும் மூலக்கூறு. யூ காவோவும் சாலமனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அகச்சிவப்பு ஒளிர்வு ஹைட்ரஜன் சயனைடு ஒளிர்வோடு நேர்விகிதத்தில் நடப்பது தெரிந்தது. விண்மீன் பிறப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது வாயுவின் மொத்த இருப்பல்ல, அதில் அடர்ந்திருக்கும் பங்கு. நமக்கு மிக அருகிலுள்ள மீஒளிர் மண்டலமான ஆர்ப் 220 இதற்கு உச்சக்கட்ட எடுத்துக்காட்டு. 25 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள அதன் இரு கருக்களுக்கும் இடையே 1200 ஒளியாண்டு இடைவெளிதான். அந்தச் சிறிய இடத்தில் வாயுவும் தூசும் திணிந்து, மேற்குக் கருவில் மில்லிமீட்டர் அலைகளுக்கே ஒளிபுகாத் தன்மையை உண்டாக்கியிருக்கின்றன. இதே மண்டலத்தில்தான் ஹைட்ராக்சில் மூலக்கூறின் இயற்கையான மீமேசர் கதிர் (லேசர் போலப் பெருக்கப்பட்ட வலிமையான வானொலிக் கதிர்) 1982இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது.

உள்ளே சரிந்த வாயு முழுவதும் அங்கேயே தங்குவதில்லை. வெளியேறும் வாயு நம்மை நோக்கி வருவதால், பின்னிருக்கும் ஒளியில் அது பதிக்கும் உட்கவர் வரி நீலப்பக்கம் நகர்ந்திருக்கும். 589 நானோமீட்டரில் உள்ள சோடியம் இரட்டை வரிகளின் நகர்வு, நடுநிலை வாயு வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுவதைப் பல மண்டலங்களில் காட்டியது. 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் தொலைநோக்கி தொலை அகச்சிவப்பில் ஹைட்ராக்சில் வரிகளை அளந்தது. மார்கேரியன் 231 என்ற இணைவில் மூலக்கூறு வாயுவே வினாடிக்கு 1000 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஓடுவதை அது பதிவு செய்தது. அதே மண்டலத்தின் கார்பன் மோனாக்சைடு வரியில் இருபுறமும் நீண்ட சிறகுகளை 2010இல் சியாரா ஃபெருக்லியோவின் குழு கண்டறிந்து, ஆண்டுக்குச் சுமார் 700 சூரிய நிறை வாயு வெளியேறுவதாகக் கணித்தது. விண்மீனாக மாறும் வாயுவைவிட இது அதிகம். இந்த வேகம் நீடித்தால் மையத்தின் வாயு சில கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும்.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, புள்ளிதோறும் நிறமாலை எடுக்கும் முறையை அகச்சிவப்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதன் தொடக்ககால நோக்கல்களுக்கு என்.ஜி.சி. 7469, என்.ஜி.சி. 3256, இரண்டாம் ஸ்விக்கி 96, ஐ.சி. 1623 ஆகிய நான்கு அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஐ.சி. 1623இன் மேற்கு மண்டலம் புறஊதாவில் பளிச்சிடும், கிழக்கு மண்டலமோ தூசுக்குள் புதைந்திருக்கும். சைடிங் ஸ்பிரிங்கிலிருந்து மேலடுக்கை மட்டும் பார்க்க முடிந்த அந்தக் கிழக்குப் பகுதியின் உட்கருக்களை இப்போது தனித்தனியே நிறமாலை எடுக்க முடிகிறது. இரண்டாம் ஸ்விக்கி 96இல் அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதி இரு கருக்களிலிருந்தும் வரவில்லை, கருக்களுக்கு வெளியே உள்ள மிகச் சிறிய ஓரிடத்திலிருந்து வருகிறது.

இன்று அண்மைப் பிரபஞ்சத்தில் இத்தகைய மண்டலங்கள் அரிது. ஒளி நம்மை நோக்கிப் புறப்பட்டு 800 கோடி ஆண்டுகள் ஆன தொலைவுக்குப் போனால், விண்மீன் பிறப்பின் பெரும்பங்கு ஒளிர் அகச்சிவப்பு மண்டலங்களில்தான் நடந்தது. அங்கே செம்பெயர்ச்சியால் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரி 1.3 மைக்ரானுக்கும், இன்னும் தொலைவில் 2 மைக்ரானுக்கும் நகர்ந்துவிடுகிறது. முழு மண்டலமும் கருவியின் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடுவதால், விண்மீன் முகிலும் அதிர்ச்சி அலையும் கருந்துளையும் ஒரே வரியில் கலந்தே வருகின்றன. இடத்தால் பிரிக்க முடியாத அந்த ஒளியை வரியின் அகலத்தாலும் விகிதத்தாலும் பிரிப்பதற்கு, ஐ.சி. 1623, என்.ஜி.சி. 3256 போன்ற அண்மை இணைவுகளில் புள்ளிபுள்ளியாக அளந்த மதிப்புகளே ஒப்பீட்டு அட்டவணையாகப் பயன்படுகின்றன.